ஏழு நோட்டும் ஒரு கப்பலும்

மலர்க் குழுவில் இருக்கும் நண்பன் வந்து, "ஏல, நீதான் பெரிய கதாசிரியராச்சே, ஏதாவது எழுதிக் குடு" என்றான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். நான் நிஜமாகவே எடுத்துக்கொண்டேன். நானும் என் நண்பன் ஒருவனும் முதலாம் ஆண்டிலிருந்து ஒரு விண்வெளித் தொடர்கதை எழுதி வந்தது நம் வகுப்பில் பலருக்குத் தெரியும். கடைசி பெஞ்சில் குனிந்து எழுதுவதைப் பார்த்து, ஒழுங்காக நோட்ஸ் எடுக்கிறோம் என்று நம்பிய ஆசிரியர்களும் உண்டு. அவர்கள் மன்னிக்க வேண்டும்.

ஆரம்பம் சுஜாதாதான். கடையநல்லூரில் ஒரு பழைய புத்தகக் கட்டில் 'என் இனிய இயந்திரா' கிடைத்தது. அட்டை இல்லை. இரண்டு பேரும் போட்டி போட்டுப் படித்தோம். 2020-களில் நடப்பதாக அவர் 1980-களில் எழுதிய கதை. அவர் 2008-இல் மறைந்துவிட்டார், அந்த வருஷங்களை அவர் பார்க்கவில்லை. நாம் பார்த்தாயிற்று. ஜீனோ மாதிரி பேசும் நாய்தான் இன்னும் கிடைக்கவில்லை! அவர் அதற்கு 'மீண்டும் ஜீனோ' என்று ஒரு தொடர்ச்சியும் எழுதினார். இரண்டோடு சரி. "நாம பதினேழு எழுதுவோம்ல" என்றான் நண்பன்.

பதினேழு என்பது வாய்க்கு வந்த எண்ணிக்கை இல்லை. கணக்குப் போட்டுத்தான் சொன்னான். சூரியனை விட்டால் நமக்கு மிக அருகில் உள்ள நட்சத்திரம் பிராக்ஸிமா சென்டாரி, 4.24 ஒளியாண்டு தூரம். 1977-இல் அனுப்பிய வாயேஜர்-1 வினாடிக்கு சுமார் 17 கி.மீ. வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் அவ்வளவு தூரம் போக ஏறக்குறைய 75,000 வருஷம் ஆகும். சரி, கதைதானே என்று ஒளியின் வேகத்தில் நூறில் ஒரு பங்கு கொடுத்தோம். 424 வருஷம். ஒரு தலைமுறைக்கு 25 வருஷம் என்றால் பதினேழு தலைமுறை. தலைமுறைக்கு ஒரு பாகம்! கப்பலுக்குப் 'பொதிகை' என்று பெயர். அவன் மலையை நினைத்து வைத்தான், நான் ராத்திரி ரயிலை நினைத்து ஒப்புக்கொண்டேன்.

எழுத உட்கார்ந்த பிறகுதான் தெரிந்தது, நீளமாக எழுதுவது வேறு, தலைமுறை தலைமுறையாக எழுதுவது வேறு. 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகம், கல்கி அதை 1950 முதல் 1954 வரை எழுதினார். ஆனால் கதைக்குள் ஓடுவது சில மாதங்கள்தான். வந்தியத்தேவன் கடைசி வரை இளைஞனாகவே இருக்கலாம். எங்கள் கதையில் நாயகன் ஒரு பாகம் முடிந்தால் கிழவன், அடுத்த பாகத்தில் போட்டோ. வாசகன் யாரைப் பிடித்துக்கொண்டு போவான்? அமெரிக்காவில் ஐசக் அசிமோவ் 1942-இல் 'ஃபவுண்டேஷன்' கதைகளைத் தொடங்கி 1950-இல் நிறுத்தினார், மறுபடி 1982-இல்தான் தொடர்ந்தார். அவருக்கே முப்பது வருஷ இடைவெளி என்றால் எங்களுக்கு செமஸ்டர் தேர்வுக்கு விடுப்பு விட்டதில் தப்பில்லை.

நாங்கள் கண்டுபிடித்த வழி ராஜவம்சம். கேப்டன், கேப்டன் மகன், பேரன். சிம்மாசனம், சதி, லேசர் வாள், எல்லாம் உண்டு. முதல் மூன்று நோட்டு அப்படியே ஓடியது. நான்காவது நோட்டு எங்கள் ஆசிரியர் ஒருவர் கையில் சிக்கியது. கிழித்துப் போடுவார் என்று நினைத்தோம். ஸார் இரண்டு நாள் வைத்திருந்து படித்துவிட்டு ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டார். "எல்லாம் சரிப்பா. உங்க கப்பல்ல பைப்புக்கு வாஷர் மாத்துறது யாரு?"

நாங்கள் முழித்தோம். அவர் ஒரு பேப்பரை எடுத்தார். சர்வதேச விண்வெளி நிலையத்தில் சிறுநீர், வியர்வை எல்லாவற்றையும் சுத்தம் செய்து திரும்பக் குடிநீராக்குகிறார்கள். 98 சதவீதம் மீட்டுவிட்டதாக நாசா 2023-இல் அறிவித்தது. "பெரிய சாதனைதான். ஆனா தினம் ரெண்டு சதவீதம் போச்சுன்னா உங்க தண்ணி எத்தனை நாள் வரும்? போடுங்க." போட்டோம். 0.98-ஐ 0.98-ஆல் பெருக்கிக்கொண்டே போனால் முப்பத்தைந்தாவது நாளில் பாதித் தண்ணீர் இல்லை. நாங்களோ 424 வருஷம் போக வேண்டும். இளவரசன் வாள் எடுப்பதற்குள் மொத்தக் கப்பலும் தாகத்தில் செத்திருக்கும்.

அன்று ராஜவம்சத்தை ஒழித்தோம். அதற்குப் பதில் பம்ப் ரூமில் வேலை பார்க்கும் ஒரு குடும்பம். நம்மை மாதிரி டிப்ளமோ ஆட்கள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கேப்டன்கள் வருவார்கள், போவார்கள். பம்ப் நிற்கக் கூடாது. அந்தக் குடும்பத்தில் ஒரு லாக் புக், ஒவ்வொரு தலைமுறையும் அதில் எழுதும். முதல் ஆள் வால்வு எண், பிரஷர் எல்லாம் எழுதுவான். ஐந்தாவது ஆளுக்கு அதில் பாதி வார்த்தை புரியாது, ஆனால் செய்ய வேண்டியதைச் செய்வான். லேசர் வாளைவிட இது எழுதச் சுகமாக இருந்தது.

நிற்க. மூன்றாம் பாகத்தில் ஒரு பெரிய கலகம் வைத்திருந்தோம். கப்பலிலேயே பிறந்த பிள்ளைகள் பெரியவர்களைப் பிடித்து, "எங்களைக் கேட்டா ஏற்றினீர்கள்?" என்று முழங்குவார்கள். நாலு பக்க வசனம். நண்பன் அதை வீட்டில் சத்தமாகப் படித்தபோது அவன் பாட்டி கேட்டுக்கொண்டிருந்தார்.

கடையநல்லூர்க்காரர்களுக்குச் சிங்கப்பூர் புதிதல்ல. தறி நெய்த குடும்பங்கள் பல, பெண்டு பிள்ளைகளோடு அங்கே போயின. 1941-இலேயே நம் ஊர் முஸ்லிம்கள் அங்கே லீக் என்று ஒரு சங்கம் வைத்தார்கள். அவர்கள் 1946-இல் தொடங்கிய உமறுப் புலவர் தமிழ்ப் பள்ளி 1982 வரை நடந்தது. பாட்டி எட்டு வயதில் தன் தாயாரோடு நாகப்பட்டினத்தில் 'ரஜூலா' கப்பல் ஏறியவர். 1926-இலிருந்து 1973 வரை அந்தப் பெயரில் ஓடிய கப்பல் அது. தகப்பனார் முன்பே போயிருந்தார்.

பாட்டி சொன்னார்: "ஏறுனதும் எனக்கு நெனப்பில்ல, எறங்குனதும் நெனப்பில்ல. நடுவுல இருந்ததுதான் நெனப்பு. மேல்தட்டுல பாய விரிச்சுப் படுத்திருப்போம். பிள்ளைய எல்லாம் ஓடிப் பிடிச்சு வெளையாடுவோம். எங்கம்மாதான் அழுதுக்கிட்டே வந்தா. எனக்கு எதுக்கு அழுதான்னே வெளங்கல."

"நீங்க யாருமே கேக்கலையா பாட்டி, எதுக்குக் கூட்டிட்டுப் போறீயன்னு?" என்றேன் நான்.

"கேக்கணும்னு தோணினாத்தானல கேக்க? அதுதான் வீடு மாதிரி ஆயிட்டே."

நாலு பக்க வசனமும் போயிற்று. கப்பலில் பிறந்தவனுக்குக் கப்பல்தான் ஊர். அவனுக்குக் கோபம் வர வேண்டுமென்றால் வேறொரு ஊர் இருந்தது தெரிய வேண்டும். அது தெரிந்தவள் ஏறி வந்த அம்மா மட்டும்தான், அவளோ வாய் திறக்க மாட்டாள். 1941-இல் ராபர்ட் ஹைன்லைன் எழுதிய 'யுனிவர்ஸ்' கதையிலும் கப்பலில் வாழ்பவர்கள் தாங்கள் இருப்பது கப்பல் என்பதையே மறந்துவிடுகிறார்கள். அதைப் பின்னால்தான் தெரிந்துகொண்டோம். பாட்டி அதைப் படித்திருக்க நியாயமில்லை!

கலகத்தை எடுத்துவிட்டு, முதல் பாகத்துக்குத் திரும்பிப் போய் ஏறும் காட்சியை மறுபடி எழுதினோம். பம்ப் ரூம்காரனின் மனைவி லாக் புக்கில் ஒரே ஒரு வரி எழுதுகிறாள்: 'இன்று பிள்ளைகள் விளையாடின.' எங்கள் ஏழு நோட்டில் எனக்குப் பிடித்த இடம் அதுதான். அதை எழுதியது அவன், நானில்லை.

நான்காவது செமஸ்டர் பாதியில் அவனுக்கு விசா வந்தது. மாமா துபாயில் இடம் பார்த்திருந்தார். "டிப்ளமோவ முடிச்சிட்டுப் போயேன்ல" என்றேன். "எங்கிட்டயா கேட்டாங்க?" என்று சிரித்தான். ரெண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அந்த நாலு பக்கம் ஞாபகம் வந்தது, ஆனால் யாரும் அதைப் பேசவில்லை. திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு வேன் கிளம்பும்போது ஏழாவது நோட்டை என் கையில் கொடுத்தான். "மூணாம் பாகத்துல பம்ப் ரூம் பையன் எங்க இருக்கான்னு எழுதி வச்சிருக்கேன். விட்டுறாத." போய்ப் பார்த்தால், பையன் ஒரு பம்ப்பைப் பிரித்துப் போட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறான். எப்படிப் பூட்டுவது என்று எழுதவில்லை. பாவி.

மூன்று மாதம் என்னால் ஒரு வரி நகரவில்லை. எனக்கும் இரண்டு அரியர். அவன் லீவு நாட்களில் வாய்ஸ் மெசேஜ் போடுவான், வெயிலைப் பற்றி, ரூமில் சமையலைப் பற்றி. போன மாதம் கடைசியில், "ஏல, பம்ப்ப மாட்டியாச்சா?" என்று கேட்டான். அன்று ராத்திரி ஹைட்ராலிக்ஸ் புத்தகத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பரீட்சைக்கு அவ்வளவு கவனமாகப் படித்ததில்லை. இம்பெல்லர், கேஸிங், கிளாண்ட் என்று ஒவ்வொன்றாகப் பூட்டி, பையன் சுவிட்சைப் போடும் இடம் வரை வந்திருக்கிறேன்.

மூன்றாம் பாகம் முடியவில்லை. இன்னும் பதினான்கு இருக்கின்றன. ஏப்ரலோடு நானும் வெளியே போகிறேன், எங்கே வேலை என்று தெரியாது. எழுத ஆசையுள்ள ஜூனியர்கள் யாராவது இருந்தால், பரீட்சைக்கு முன்னால் மெக்கானிக்கல் மூன்றாம் ஆண்டு வகுப்பில் வந்து கேளுங்கள். ஏழு நோட்டும் தருகிறேன். கையெழுத்து இரண்டு விதமாக இருக்கும், நீலமை அவனுடையது.