பத்து சென்டிமீட்டர்

1987ஆம் ஆண்டு, ஹால்தியா துறைமுகத்தில் நிலக்கரி ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் ஒன்றில் நாங்கள் இருவரும் பயிற்சி மாணவர்களாக இருந்தோம். இருவரும் தூத்துக்குடிக்காரர்கள், ஏற்றிய கரியும் தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்கே செல்லவிருந்தது. ஊருக்குப் போகும் மகிழ்ச்சி எங்கள் கண்ணை மறைத்திருக்க வேண்டும்.

கப்பலின் முன்பகுதியும் பின்பகுதியும் நீரில் அமிழ்ந்திருக்கும் அளவுகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை மாலுமிகள் 'ட்ரிம்' என்பர். நம் கடற்கரை மக்கள் முன்பகுதியை அணியம் என்றும் பின்பகுதியை அமரம் என்றும் வழங்குவர். கடலில் அமரம் சற்றே தாழ்ந்திருப்பது நல்லது. சுழல்விசிறியும் சுக்கானும் நன்கு அமிழ்ந்திருக்கும். அணியம் தாழ்ந்தாலோ கப்பல் சுக்கானுக்கு எளிதில் அடங்காது. மணல்திட்டுகள் மிகுந்த ஹூக்ளி ஆற்றில் இரு முனைகளும் சமமாக இருத்தல் வேண்டும். அணியம் மட்டும் மணலில் ஊன்றிவிட்டால், பின்னிருந்து வரும் வற்றுநீரோட்டம் அமரத்தைத் திருப்பிவிடும். பவுலடியார் சென்ற கப்பலில் 276 பேர் இருந்தனர். பாரம் குறையக் கோதுமையைக் கடலில் கொட்டியும், மால்தா கரையருகே அணியம் தரைதட்டி அசையாது நின்றது. அமரத்தை அலைகள் உடைத்தன. திருத்தூதர் பணிகள் நூலின் அந்த 27ஆம் அதிகாரத்தை மாலுமிகள் வாசிக்கும் விதமே வேறு.

ஏற்றுதல் முடிந்த இரவு, ஆழக்குறிகளைப் பார்த்துவர எங்களை அனுப்பினார் முதன்மை அதிகாரி. கப்பலின் பக்கத்தில் தீட்டப்பட்ட எண் ஒவ்வொன்றும் 10 சென்டிமீட்டர் உயரமுடையது. அதன் அடிவிளிம்பே அளவு. அணியத்தில், 7.80 மீட்டரைக் குறிக்கும் எட்டின் உச்சி மட்டும் கலங்கல் நீரில் தெரிந்தது. அப்படியானால் ஆழம் 7.90. நாங்கள் 7.80 என்று எழுதிக்கொடுத்தோம். அமரத்திலும் 7.80. சமம் என்று பதிவாயிற்று.

படுத்தபின் எங்களில் ஒருவன் எழுந்து உட்கார்ந்தான். பிழை இருவருக்கும் விளங்கிற்று. விடியுமுன் ஆற்று வழிகாட்டி ஏறிவிடுவார். பத்து சென்டிமீட்டர்தானே, யாருக்குத் தெரியப்போகிறது? சொன்னால் பயிற்சி அறிக்கை என்னவாகும்? ஒருவன் செபமாலையைக் கையில் எடுத்தான். முதலில் அதிகாரியிடம் போவோம், செபம் பிறகு ஆகட்டும் என்றான் மற்றவன்.

அதிகாரி கடிந்துகொள்ளவில்லை, அதுவே எங்களுக்குப் பாரமாயிருந்தது. அட்டவணையைப் புரட்டினார். ட்ரிம் ஒரு சென்டிமீட்டர் மாற 300 டன்-மீட்டர் வேண்டும், பத்துக்கு 3,000. அணியத் தொட்டிக்கும் அமரத் தொட்டிக்கும் இடையே தூரம் 150 மீட்டர். ஆகவே 20 டன். முன் தொட்டியிலிருந்து 20 டன் நீரை இறைத்து, பின் தொட்டியில் அதே அளவை நிரப்பச் செய்தார். மொத்தப் பாரத்தில் மாற்றமில்லை; இருந்த இடம்தான் மாறியது.

பிறகு விளக்கை எடுத்துக்கொண்டு எங்களோடு அவரே வந்தார். அணியத்தில் எட்டு பாதி நீருக்குள், பாதி வெளியே. அமரத்திலும் அப்படியே. 7.85 என்று இருவரும் ஒரே குரலில் சொன்னோம். இம்முறை அவரும் குனிந்து பார்த்தார்.