கூர்ச்சத்தை அவிழ்த்த பிறகு

ஆடி அமாவாசைக்குக் குற்றாலம் பேரருவியில் குளித்துவிட்டு ஈர வேட்டியோடு தர்ப்பணத்துக்கு உட்காருகிறவர்களுக்கு அந்தக் கடைசிக் கட்டம் தெரிந்திருக்கும். அப்பா, தாத்தா, பூட்டன், அம்மா வழி என்று பெயர் சொல்லிச் சொல்லி எள்ளும் தண்ணீரும் விட்டு முடித்ததும், ஐயர் தர்ப்பைக் கூர்ச்சத்தின் முடிச்சை அவிழ்க்கச் சொல்வார். பிரிந்த தர்ப்பையைக் கையில் வைத்துக்கொண்டு இன்னொரு தடவை நீர் வார்க்க வேண்டும். அந்தத் தடவை மட்டும் பெயரும் கிடையாது, கோத்திரமும் கிடையாது.

"இது யாருக்குச் சாமி?" என்று அப்பா இறந்த வருஷம் கேட்டேன்.

"தாய் தகப்பன், பந்துக்கள், சிநேகிதாள்னு யாருமே இல்லாம போனவாளுக்கு. அவாளுக்கும் தாகம் இருக்குமோல்லியோ?"

அப்பாவுக்கு விட்ட நீரைவிட அந்த நீர்தான் மனசில் நின்றது. இந்தச் சடங்கை வகுத்தவர் யாரோ! தன் குலம், தன் கோத்திரம் என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வந்தவருக்கு, முடிக்கிற இடத்தில் மனசு கேட்கவில்லை. பஞ்சமோ கொள்ளைநோயோ கண்ணால் பார்த்தவராகத்தான் இருக்கும். குடும்பமே மொத்தமாகப் போய்விட்டால் எள் விட யார் மிச்சம்?

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி வந்தபோது வேளாங்கண்ணியில் அப்படித்தான் ஆனது. கிறிஸ்துமஸுக்கு வந்திருந்த யாத்திரிகர்கள் பலரை, எந்த ஊர், யார் பிள்ளை என்று சொல்ல ஆளில்லாமல், ஒன்றாகச் சேர்த்துப் புதைத்தார்கள். வருஷா வருஷம் அந்த நாளில் அங்கே கூடி ஜெபிக்கிறார்கள். நாகப்பட்டினம் கரையோரம் கடலில் பால் ஊற்றுகிறார்கள். ஊற்றிய பாலைக் கடல் ஆள் பார்த்தா பிரித்துக் கொடுக்கும்?

ஈழத்தில் அது கஞ்சி. 2009இல் முள்ளிவாய்க்காலில், போரின் கடைசி நாட்களில், அந்தக் குறுகிய கரையில் அடைபட்டுக் கிடந்த சனங்களின் உயிரைப் பிடித்து வைத்தது அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய கஞ்சி. வருஷா வருஷம் நினைவு நாளான மே 18ஐ ஒட்டி அதையே காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி, தெருவில் போகிறவர்களுக்கும் கொடுக்கிறார்கள். கடல் கடந்து போன தமிழர்களும் செய்கிறார்கள். உன் வீட்டில் யார் செத்தார்கள் என்று கேட்டுவிட்டு யாரும் ஊற்றுவதில்லை.

2024 மே மாதம் திருகோணமலை மாவட்டம் சம்பூரில் கஞ்சி கொடுத்ததற்காகப் பெண்களைப் போலீஸ் கைது செய்தது. செத்தவர்களுக்காக வழிப்போக்கனுக்கு ஒரு சிரட்டைக் கஞ்சி கொடுப்பது எந்த ஊரில் குற்றம்? அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த வருஷ மே மாதமும் வடக்கிலும் கிழக்கிலும் கஞ்சி காய்ச்சினார்கள்.