முன் அனுபவம் இல்லை

இருங்காட்டுக்கோட்டையில் இரண்டு பேர் முதன்முறை பேசிக்கொண்டால் கேள்விகள் ஒரு வரிசையில்தான் வரும். எந்த ஊர்? எந்த கம்பெனி? பெர்மனென்டா, ட்ரெய்னியா? மூன்றாவதுதான் உண்மையான கேள்வி. பெண் பார்க்கப் போகிற வீட்டிலும் இப்போது அதைத்தான் கேட்கிறார்கள்.

1998-இல் ஹூண்டாயின் முதல் சான்ட்ரோ இங்கிருந்து வெளியே வந்தது. பிறகு ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், வல்லம் வடகால் என்று சிப்காட் வளர வளர, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்து ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு மெட்ராஸ் என்றால் இந்த நெடுஞ்சாலை என்றாகிவிட்டது. மெரினாவைப் பார்க்காமலேயே மூன்று வருஷம் 'மெட்ராஸில்' இருந்தவர்களை எனக்குத் தெரியும்.

என் சித்தி மகன் அப்படித்தான். போளூர் பக்கம் ஊர், மெக்கானிக்கல் டிப்ளமோ. உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியில் 36 மாதம் ட்ரெய்னி. அறையில் ஆறு பேர். மூன்று ஷிஃப்ட் என்பதால் மூன்று பாயே போதும் என்பான். காலம் முடிந்ததும் சான்றிதழ் கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நான் சாஃப்ட்வேர்க்காரன் என்பதால் ரெஸ்யூமே எழுத என்னிடம் வந்தான்.

"என்ன வேலைடா பார்த்த?"

"நாலு போல்ட்டுண்ணா. டைட் வெக்கணும். அதுக்குள்ள அடுத்த பீஸ் வந்துடும்."

"மூணு வருஷமுமா?"

"ஆள் வரலன்னா பக்கத்து ஸ்டேஷன். அங்க ஆறு போல்ட்டு."

சிரித்துவிட்டோம். ஆனால் 'திறன்கள்' என்ற தலைப்புக்குக் கீழே எதையும் அடிக்க முடியவில்லை.

என் துறையில் மூன்று வருஷம் என்றால் சம்பளத்துக்குப் பேரம் பேசலாம். அவனுக்கு அது வயதில் மட்டும் சேர்ந்திருக்கிறது. சட்டமும் இதற்கு இடம் கொடுக்கிறது. 1961-ஆம் ஆண்டின் தொழிற்பழகுநர் சட்டம், 18-ஆவது பிரிவில், பழகுநர் பயிற்சி பெறுபவரே தவிரத் தொழிலாளி அல்ல என்கிறது. 2013-இல் ஏஐசிடிஇ கொண்டுவந்த நீம் திட்டத்திலும் பயிற்சிக் காலம் 3 முதல் 36 மாதமாக இருந்தது. முடிவில் வேலைக்கு உத்தரவாதம் இருக்கவில்லை. லைனில் நிற்கும்போது தொழிலாளி, ஏட்டில் மாணவன். நாலு போல்ட்டைக் கற்றுக்கொள்ள மூன்று வருஷம் எதற்கு என்று யாரும் கேட்பதில்லை.

பெர்மனென்ட் ஆனவர்களுக்கும் முழு நிம்மதி இல்லைதான். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பர் 1-ஆம் தேதி நின்றுபோனது. அங்கே வேலை பார்த்தவர்களில் பெரும்பகுதி இளம்பெண்கள். ஆனாலும் நிரந்தரத் தொழிலாளிக்குச் சண்டை போட ஓர் இடமாவது இருக்கிறது. 2024-இல் சுங்குவார்சத்திரத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்க அங்கீகாரம் கேட்டு 37 நாள் வேலைநிறுத்தம் செய்தபோது இவன் சொன்னான்: "நம்மளால அப்படி உக்கார முடியாதுண்ணா. மறுநாளே வேற பையன் நிப்பான்."

இவனைப் பார்த்துப் பரிதாபப்பட வேண்டியதில்லை. அந்த உதவித்தொகையில்தான் வீட்டில் கழிப்பறை கட்டினான், தங்கையின் நர்சிங் ஃபீஸைக் கட்டினான். அடுத்து மாடியில் ஒரு அறை எடுக்க வேண்டுமாம். ஊருக்கே திரும்பி விவசாயம் பார்க்கலாமே என்று என் நண்பர் ஒருவர் கேட்டார் (அவர் பிறந்து வளர்ந்தது மாம்பலம்). "எங்க அம்மாவே நூறு நாள் வேலைக்குத்தான் சார் போகுது" என்றான்.

போன மாதம் ஒரகடத்தில் இடம் இருப்பதாக ஒரு மேன்பவர் ஏஜென்ட் கூப்பிட்டிருக்கிறார். பழைய சான்றிதழைக் காட்டாதே, ஃப்ரெஷர்தான் வேண்டுமாம், அனுபவம் இருந்தால் சம்பளம் கேட்பார்கள் என்று எடுக்க மாட்டார்களாம். அவன் சொல்லச் சொல்ல அந்த மூன்று வருஷத்தையும் ரெஸ்யூமேயிலிருந்து அழித்தேன். முன் அனுபவம்: இல்லை. திங்கட்கிழமை சேர்ந்துவிட்டான். மறுபடியும் ட்ரெய்னிதான்.