அக்கரை வயலும் இக்கரை வீடும்

2025 பெப்ரவரி 3, திங்கள்

மட்டக்களப்பின் செட்டிபாளையத்தில் விவசாயக் கணக்கெடுப்புப் படிவத்தோடு படலையைத் திறந்தால் பெரும்பாலும் கிடைக்கும் முதல் பதில்: "எங்களுக்கு விவசாயம் ஒண்டும் இல்ல மனே."

இன்றைக்கு அப்படிச் சொன்ன மாமியின் வளவில் பதினைந்து தென்னை, மூன்று முருங்கை, வேலியோரம் வாழை, கிணற்றடியில் கத்தரியும் மிளகாயுமாக ஆறு பாத்தி. பின்னுக்குக் கோழிக்கூடு. படிவத்தை மூடி வைத்துவிட்டு வேறு மாதிரிக் கேட்டேன். "போன மாசம் இந்த வளவில இருந்து என்னென்ன வித்தீங்க மாமி?" விரல் மடிக்கத் தொடங்கினார். தேங்காயை வியாபாரி வந்து பறித்துப் போனார். முருங்கைக்காய் களுவாஞ்சிகுடிச் சந்தைக்குப் போனது. முட்டையை அயல் வீட்டார் வாங்கினார்கள். கத்தரிக்காய் வாராவாரம் ஒரு கடைக்கு. நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, "அது வீட்டுச் செலவுக்கெல்லோ. அதையும் எழுதுறயா?" என்றார்.

எழுதத்தானே வந்திருக்கிறேன். பக்கத்தில் தேற்றாத்தீவு, களுதாவளைப் பக்கம் போனால் இதே மணலில் வெற்றிலையும் மரக்கறியும் பெரிய அளவில் நடக்கிறது. அங்கே யாரும் "இல்லை" என்று சொல்லமாட்டார்கள், லொறி ஏற்றுகிறவர்கள் அல்லவா. வளவுக்குள் பெண் கை படுகிற பயிரைத்தான் வீட்டுக்காரரே கணக்கில் சேர்ப்பதில்லை. அதற்குத் தண்ணீர் ஊற்றுகிறவரும் சேர்ப்பதில்லை.

பெப்ரவரி 4, செவ்வாய்

சுதந்திர தின விடுமுறை. எழுதிய படிவங்களைச் சரிபார்த்துவிட்டு, பயிற்சியில் தந்த குறிப்புகளைத் திரும்ப வாசித்தேன்.

உலகம் முழுவதற்கும் ஒரே முறையில் விவசாயத்தை எண்ணுவது என்ற முயற்சி 1930 இல் தொடங்கியது. ரோமில் இருந்த சர்வதேச விவசாய நிறுவகம் அதை நடத்தியது. போருக்குப் பிறகு அந்தப் பொறுப்பு ஐ.நா.வின் உணவு விவசாய நிறுவனத்திடம் வந்தது. பத்தாண்டுக்கு ஒரு சுற்று. இலங்கையில் 1946, 1952, 1962, 1973, 1982, 2002 எனத் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் விவசாயத் தொகைமதிப்புகளை நடத்தியது. கடைசியாக 2013/14 பொருளாதாரத் தொகைமதிப்போடு சேர்த்து விவசாயமும் எண்ணப்பட்டது. வருடங்களுக்கிடையில் உள்ள இடைவெளியைப் பார்த்தாலே நாட்டின் கதை தெரியும். 2001 சனத்தொகைக் கணக்கெடுப்பு மட்டக்களப்பில் முழுமையாக நடக்கவில்லை. 1981க்குப் பிறகு நாடு முழுக்க ஆட்களை எண்ணி முடித்தது 2012 இல்தான். ஆட்களையே எண்ண முடியாத காலத்தில் வயலை யார் அளந்தது?

உலகில் 60 கோடிக்கு மேற்பட்ட பண்ணைகள் இருப்பதாக உணவு விவசாய நிறுவனத்தின் ஆய்வாளர்கள் மதிப்பிட்டிருக்கிறார்கள். அவற்றில் நூற்றுக்கு 84 இரண்டு ஹெக்டெயருக்குக் கீழே. அதாவது ஐந்து ஏக்கருக்கும் குறைவு. அவை வைத்திருப்பது மொத்த விவசாய நிலத்தில் 12 வீதம்தான், விளைவிப்பதோ உலக உணவில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல். இலங்கையில் 20 ஏக்கருக்குக் கீழே இருந்தால் சிறு உடைமை. அப்படியென்றால் நான் போகிற வீடெல்லாம் சிறு உடைமைதான். பெருங்காணிக்காரரான பழைய போடியார்களின் காலம் முடிந்து, பங்கு பிரிந்து பிரிந்து, இன்றைக்கு மூன்று ஏக்கர் உள்ளவர் வசதியானவர்.

பெப்ரவரி 5, புதன்

கோயில் வீதியில் ஒரு வீடு. படிவத்தின் முதல் வரி, பண்ணையை நடத்துபவரின் பெயர். கணவர் விறாந்தையில் இருந்து தன் பெயரைச் சொன்னார். அடுத்து, காணி யாருடையது? "என்ட" என்று குசினிக்குள் இருந்து பதில் வந்தது.

அக்கா தேத்தண்ணியோடு வெளியே வந்து இருந்தார். வயல் அம்பிளாந்துறைப் பக்கம் இரண்டரை ஏக்கர். அம்மா சீதனமாகத் தந்தது, உறுதி இவர் பெயரில். அம்மாவுக்கு அவருடைய அம்மா தந்தது. மட்டக்களப்பில் இது புதினமில்லை. குடி தாய்வழி, வீடும் வளவும் மகளுக்கு, மாப்பிள்ளை வந்து சேருவார். அமெரிக்க மானிடவியலாளர் டென்னிஸ் மெக்கில்வ்ரே அக்கரைப்பற்றில் வருடக்கணக்காக இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார். ஆனால் படிவத்தின் முன்னால் இருக்கும்போது இந்தப் பழைய வழக்கம் புதுச் சிக்கலாகிறது.

கேட்கக் கேட்க வெளியில் வந்த விபரம் இது. இரண்டரை ஏக்கரில் ஒரு ஏக்கரை இந்தப் போகம் குத்தகைக்குக் கொடுத்திருக்கிறார்கள். குத்தகைக்கு எடுத்தவர் மகிழடித்தீவு ஆள். மிச்சம் ஒன்றரை ஏக்கரில் கணவர் உழுகிறார், விதைக்கிறார். ஆனால் எந்த நெல்லை விதைப்பது, எப்போது விற்பது, உரத்துக்கு எந்த நகையை அடகு வைப்பது என்று தீர்மானித்தது அக்கா. கமநல சேவை நிலையத்தின் பதிவில் இருப்பது கணவர் பெயர். மானியம் வருவதும் அந்தப் பெயருக்குத்தான்.

"அப்ப யாரை எழுதுறது?" என்றேன். இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "அவர எழுதுங்க. அவர்தானே வயலுக்குப் போறவர்" என்றார் அக்கா. கணவர் சிரித்தார். "போறது நான். சொல்றது அவ."

உணவு விவசாய நிறுவனத்தின் 2020 சுற்றுக்கான உலக வழிகாட்டியில், ஒரு குடும்பத்துக்குள் தீர்மானமும் உடைமையும் யார் யாரிடம் இருக்கின்றன என்று பிரித்துக் கேட்பதற்கென்றே ஒரு பகுதி சேர்த்தார்கள். ரோமில் இருந்து எழுதியவர்கள் செட்டிபாளையத்துக் குசினியைப் பார்த்திருக்கமாட்டார்கள், ஆனாலும் சரியாகத்தான் கேட்டிருக்கிறார்கள். எங்கள் படிவத்தில் ஒரு பெயருக்கு மட்டும்தான் இடம். குறிப்புக் கட்டத்தில் இரண்டு பெயரையும் எழுதினேன், யார் எதைச் செய்கிறார் என்பதோடு.

பெப்ரவரி 6, வியாழன்

பயிர் வெட்டிப் பார்க்க வாவியின் அக்கரைக்குப் போகும் நாள். மண்முனைப் பாலம் 2014 இல் திறந்த பிறகு கொக்கட்டிச்சோலைக்குச் சுற்றிப் போவது இலகு. இருந்தாலும் அம்பிளாந்துறைக்கு என்றால் குருக்கள்மடத்தில் பாதை என்கிற மிதவைப் படகில் ஏறுவதே வழக்கம். மோட்டார் சைக்கிள்கள், உர மூடை, பள்ளிக்கூட ஆசிரியர்கள், ஒரு பெட்டி கோழிக்குஞ்சு எல்லாம் ஒரே பலகையில் வாவியைக் கடந்தன.

நாட்டின் நெல் கணக்கு இரண்டு கால்களில் நிற்கிறது. எவ்வளவு பரப்பு விதைக்கப்பட்டது என்பது கிராமம் கிராமமாகத் திரட்டப்படும். ஏக்கருக்கு எவ்வளவு விளைந்தது என்பதை எல்லா வயலிலும் அளக்க முடியாது. எழுமாற்றாகத் தெரிவு செய்த சில வயல்களில் சிறு துண்டை வெட்டி நிறுப்பார்கள். இரண்டையும் பெருக்கினால் உற்பத்தி. பயிர் வெட்டிப் பார்க்கும் இந்த முறை 1950களின் தொடக்கத்தில் இருந்து இங்கே நடக்கிறது.

இன்றைய வயலில் நெல் மஞ்சளாகி, அடிப்பாகம் மட்டும் பச்சை. கார்த்திகை வெள்ளத்தின் அடையாளம் தெற்கு மூலையில் தெளிவாக இருந்தது. கதிர் குட்டை, இடைக்கிடை வெறும் சேறு. 2024 நவம்பர் கடைசியில் பெய்த மழையில் இந்த வயல் வட்டையில் தண்ணீர் நாட்கணக்காக நின்றது. எழுமாற்று எண் சொன்னபடி வரம்பு மூலையில் இருந்து அடி எண்ணி நடந்தால், கயிறு விழுந்த இடம் அந்தத் தெற்கு மூலையும் இல்லை, செழித்த நடுவும் இல்லை, இரண்டுக்கும் இடையில்.

வயல்காரர் ஒத்துக்கொள்ளவில்லை. "மகள், நடுவில வெட்டுங்க. என்ட வயல் இப்பிடி விளையுமெண்டு கச்சேரியில நினைக்கப் போறாங்க." பக்கத்து வயல்காரர் வரம்பில் நின்று எதிர்ப் பக்கம் பேசினார். "மூலையில வெட்டுங்க பிள்ள. நட்டஈடு வாறதெண்டா அதப் பாத்துத்தானே தருவாங்க." ஒருவருக்கு மானம், மற்றவருக்குப் பணம். இரண்டு பக்கமும் சாயாமல் நிற்பதற்காகத்தான் அந்த எழுமாற்று எண் இருக்கிறது என்று இருவருக்கும் சொன்னேன். இருவருமே திருப்திப்படவில்லை.

நான்கு முளை அடித்துக் கயிறு இழுத்தோம். எல்லைக் கோட்டில் நிற்கிற பயிர்தான் தலையிடி. அடி உள்ளே இருந்தால் கதிர் வெளியே சாய்ந்தாலும் சேர்க்க வேண்டும், அடி வெளியே இருந்தால் கதிர் உள்ளே கிடந்தாலும் விட வேண்டும். கத்தியால் அறுத்து, படங்கை விரித்து, அடித்து, சுளகில் பதர் போக்கினோம். தராசில் வைக்க முன்னர் ஈரப்பதமானியில் ஒரு பிடி நெல்லைப் போட்டுப் பார்த்தோம், ஈரம் கடுமையாகவே இருந்தது. வெட்டிய அன்று நிறுத்ததை அப்படியே எழுதினால் தண்ணீரையும் நெல்லென்று எழுதியதாகும். வரம்பும் வாய்க்காலும் கழித்த நிகரப் பரப்புக்குத்தான் விளைச்சல் கணக்கு. அறுத்த நெல்லை வயல்காரரிடமே திருப்பிக் கொடுத்தோம். கையில் ஏந்திப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்வளவு பாடு" என்றார்.

நேற்று அரசாங்கம் விலை அறிவித்திருக்கிறது. கிலோவுக்கு நாடு நெல் 120 ரூபா, சம்பா 125, கீரிச்சம்பா 132. அது காய்ந்த நெல்லுக்கு, ஈரம் 14 வீதத்துக்கு மேலே போகக் கூடாது. இங்கே வெட்டு மெசின் கொட்டிய ஈர நெல்லை வயலோரமே லொறியில் ஏற்றுகிறார்கள். காய வைக்கத் தளம் இல்லாதவருக்கு, மெசின் கூலி அன்றே கொடுக்க வேண்டியவருக்கு, அறிவித்த விலை எட்டாது.

பெப்ரவரி 7, வெள்ளி

மீண்டும் செட்டிபாளையம். போன போக விளைச்சலைக் கேட்கும் பகுதி. எல்லாரும் மூடையில்தான் சொல்கிறார்கள். எந்த மூடை? உரப்பை ஒன்றா, தைக்காமல் கட்டிய பெரிய சாக்கா? தராசில் நிறுத்ததா, கண்ணால் மதித்ததா? பழைய ஆட்கள் புசலில் சொன்னால் பரவாயில்லை, ஒரு புசல் நெல் 20.87 கிலோ என்று கணக்கு இருக்கிறது. மூடைக்கு அப்படி இல்லை. ஆகவே வீட்டு மூலையில் கிடக்கும் ஒரு வெறும் சாக்கைக் காட்டச் சொல்லிக் கேட்கிறேன்.

அதைவிடக் கடினம் பயம். அஸ்வெசும நலன்புரிக் கொடுப்பனவு வந்த 2023 முதல் எந்த அரசாங்கப் படிவத்தைக் கண்டாலும் மக்கள் தங்கள் வரும்படியைக் குறைத்தே சொல்கிறார்கள். ஒரு அண்ணன் ஏக்கருக்குப் பத்து மூடை என்றார். அதே வட்டையில் அவருடைய மச்சான் இருபத்திரண்டு என்றவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. தனியாள் விபரத்தை வேறு எந்தத் திணைக்களத்துக்கும் கொடுக்க எங்களுக்குச் சட்டம் இடம் தராது என்று விளக்கிவிட்டு, கேள்வியைப் பிரித்தேன். வீட்டுக்கு எவ்வளவு வைத்தீர்கள்? விதைநெல்லுக்கு? மெசின்காரருக்கு? கடன் கொடுத்தவருக்கு? வியாபாரிக்கு? சொல்லச் சொல்ல அவரே கூட்டிக்கொண்டு வந்து, பதினெட்டில் நின்று, "ம்… சரிதான்" என்றார்.

பெப்ரவரி 10, திங்கள்

நேற்று நாடு முழுக்க மின்சாரம் நின்றது. இன்றைக்கும் தவணை வெட்டு. மேசையில் படிவங்களைக் கரை வாரியாகப் பிரித்து வைத்தபோதுதான் எண்ணிக்கையின் பெரிய ஓட்டை எங்கே என்று சரியாகப் புரிந்தது.

வாவிக்குக் கிழக்கே எழுவான்கரையில் வீடு, மேற்கே படுவான்கரையில் வயல். செட்டிபாளையத்தில் வீட்டுக்கதவைத் தட்டினால் அம்பிளாந்துறை வயல் பதிவாகும். அம்பிளாந்துறையில் வயலைப் பார்த்துப் பதிந்தால் குத்தகைக்காரர் பெயரில் அதே வயல் இன்னொரு தடவை வரும். பிரதேச செயலகமும் வேறு. இக்கரை மண்முனை தென் எருவில் பற்று, அக்கரை மண்முனை தென்மேற்கு. குத்தகைக்குக் கொடுத்த ஒரு ஏக்கரை அக்கா "அது இப்ப எங்கட இல்ல" என்று விட்டால், மகிழடித்தீவில் எடுத்தவரும் "அது அவங்கட காணி" என்று விட்டால், அந்த ஏக்கர் எங்குமே இல்லை.

மேற்பார்வை அலுவலருக்கு எழுதிய குறிப்பில் மூன்று விடயம் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு துண்டுக்கும் அது கிடக்கும் கிராமசேவகர் பிரிவையும் எழுத வேண்டும். உரித்து, தீர்மானம், உழைப்பு மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் வேண்டும். "விவசாயம் இருக்கா" என்று தொடங்காமல் "போன மாசம் என்ன வித்தீங்க" என்று தொடங்க வேண்டும்.

இன்றைக்குப் பின்னேரம் ஒரு பெரியவர் கேட்டார்: "இத எண்ணி என்னத்தக் காணப் போறீங்க?" 2021 இல் அரசாங்கம் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தியபோது வயல் மஞ்சளாவதை அவர்தான் முதலில் பார்த்தார், பார்த்ததைச் சொன்னார், கேட்க ஆளில்லை. அந்த வருடம் 51 இலட்சம் தொன்னைத் தாண்டிய நாட்டின் நெல், 2022 இல் ஏறக்குறைய 34 இலட்சத்துக்கு விழுந்தது. அந்த இரண்டு எண்ணும் வந்த பிறகு கமக்காரர் சோம்பல் என்று சொல்ல ஒருவருக்கும் வாய் வரவில்லை. அதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தவர், "அப்ப சரியா எழுதுங்க" என்றார்.

சரியாக எழுதுவதென்பது இதுதான். குத்தகைக்குக் கொடுத்த அந்த ஒரு ஏக்கர் இரண்டு கரையிலும் பதிவானால் நாட்டில் அரிசி கூடிவிடாது, கூடியதாக நம்பி அமைச்சு இறக்குமதியைப் பிந்திக்கும். ஒரு கரையிலும் பதிவாகாவிட்டால் விளைந்த நெல் இல்லையென்றாகி, அறுவடை நேரத்தில் வெளியரிசி வந்து விலையை விழுத்தும். இரண்டிலும் அடி வாங்குவது நகையை அடகு வைத்து உரம் வாங்கிய அந்த அக்காதான்.