பாட்டியின் கோலிக்குண்டுகள்

கோலிக்குண்டு என்றதும் தெருப்புழுதியும், தரையில் தோண்டிய குழியும், தோற்றவன் முட்டியைக் காட்டி அடி வாங்கும் காட்சியும் நம் நினைவுக்கு வருவது இயல்பே. அது ஆண்பிள்ளைகளின் ஆட்டம் என்று ஊரார் ஒதுக்கி வைத்துவிட்டனர். ஆனால் எங்கள் வீட்டுக் கோலிகள் ஒரு பெண்ணின் சொத்து. அவை எங்கள் பாட்டிக்கு உரியவை. அவற்றை அக்காவும் தங்கையுமாகிய நாங்கள் இருவரும் ஆராய்ந்து பார்த்த விதத்தை எங்கள் தோழியருக்கும், மதிப்பிற்குரிய சகோதரியருக்கும், பெற்றோருக்கும் இம்மலரின் வாயிலாகத் தெரிவிக்க விரும்புகிறோம்.

பாட்டியின் தந்தை தூத்துக்குடியிலிருந்து சரக்குக் கப்பலில் வேலைக்குப் போனவர். 1949ஆம் ஆண்டில், பாட்டிக்கு ஒன்பது வயதாக இருந்தபோது, அவர் ஊர் திரும்பி ஒரு கைப்பிடிக் கோலிகளை மகளிடம் கொடுத்தாராம். அமெரிக்காவில் பால்டிமோர் துறைமுகத்தில் வாங்கியவை என்று சொன்னாராம். தம்பிமார் நம்பவில்லை. "இது சோடா பாட்டில் கோலி. ஐயா கொழும்பைத் தாண்டிப் போனதே கிடையாது" என்று கேலி செய்தார்கள். அந்தக் கேலி எழுபது ஆண்டுகளுக்கு மேலாக எங்கள் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. பூட்டனாரின் கப்பல் காகிதங்கள் இருந்திருந்தால் அவற்றைக் காட்டியிருக்கலாம். 2023 டிசம்பரில் எங்கள் ஊரைச் சூழ்ந்த வெள்ளத்தில் அவை கூழாகிப் போயின. கோலிகள் இருந்த பிஸ்கட் டப்பா துருப்பிடித்தது. உள்ளே இருந்த கண்ணாடிக்கு ஒரு கேடும் இல்லை.

வெள்ளத்துக்குப் பின் வீட்டில் பணமுடை. பழம்பொருள் வாங்கும் ஒருவர் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டு, மொத்தமாக ஐயாயிரம் ரூபாய் தருவதாகச் சொன்னார். கீறல் போகப் பாலிஷ் போட்டு வைத்தால் இன்னும் ஆயிரம் கூட்டித் தருவதாகவும் கூறினார். அப்பா பாட்டியின் முகத்தைப் பார்த்தார். பாட்டி, "துட்டு கெடக்கட்டும். விக்கிறதுக்கு முன்னால, எங்கய்யா கொண்டாந்தது அமெரிக்கக் கோலிதானான்னு பாத்துச் சொல்லுங்க பிள்ளைகளா" என்றார்கள். இந்தப் பொறுப்பு இவ்வாறாகவே எங்களிடம் வந்து சேர்ந்தது.

கோலியின் மேல் செய்தவர் பெயர் எழுதியிருப்பதில்லை. ஆகவே அதன் உடலில் உள்ள அடையாளங்களைக் கொண்டே அதன் ஊரையும் காலத்தையும் அறிய வேண்டும். இயற்பியல் ஆசிரியை அவர்கள் உருப்பெருக்குக் கண்ணாடியும் வெர்னியர் அளவியும் தந்து உதவினார்கள். சேகரிப்போர் எழுதியவற்றையும் படங்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இருந்த 31 கோலிகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம்.

முதலில் பார்க்க வேண்டியது, அது கையால் செய்ததா, இயந்திரத்தில் செய்ததா என்பது. 1840களில் ஜெர்மனியின் லௌஷா என்னும் ஊரில் கண்ணாடிக் கோலி செய்வதற்கென்றே ஒரு கத்தரிக்கோல் வழக்கத்திற்கு வந்தது. வண்ணக் கண்ணாடித் தண்டை உருக்கி, அதிலிருந்து குண்டுகளை உருட்டி வெட்டினர். வெட்டிய இடத்தில் தொப்புள் போன்ற ஒரு கரடுமுரடான தழும்பு இருக்கும். எங்கள் கோலிகளில் எதிலும் அத்தழும்பு இல்லை. ஆகவே எல்லாம் இயந்திரக் கோலிகளே என்று தெளிந்தோம்.

இயந்திரக் கோலியின் தாயகம் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஆக்ரன் நகரம். மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர், சுழலும் பள்ளங்களுக்கிடையே கண்ணாடிக் கட்டியை உருளவிட்டு முழு உருண்டையாக்கும் பொறியை அமைத்து, 1905இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். உருட்டுவது மட்டுமே பொறியின் வேலை. உலையிலிருந்து உருகிய கண்ணாடியைக் கம்பியில் சுருட்டி எடுத்துச் சொட்டவிட்டு வெட்டியது தொழிலாளியின் கை. அந்தச் சுருட்டலால், அக்காலக் கோலியின் ஒரு முனையில் ஆங்கில ஒன்பது எண் போன்ற சுழியும், மறு முனையில் வெட்டிய கோடும் காணப்படும். 1914இல் முதல் உலகப் போர் மூண்டு ஜெர்மன் கோலிகளின் வரவு தடைப்பட்டபோது, அமெரிக்க ஆலைகள் சந்தையைப் பிடித்துக்கொண்டன.

இனி எங்கள் டப்பாவுக்கு வருவோம். பதினொரு கோலிகள் ஒரே நிறத்தன. உள்ளே கோடோ பூவோ இல்லாத, வெளிர்பச்சைக் கண்ணாடி. இவை சோடா பாட்டில் இனம். ஹைரம் காட் என்ற ஆங்கிலேயர் 1870களில் உருவாக்கிய அந்தப் பாட்டிலில், சோடாவின் வாயு அழுத்தமே கோலியை மேலே தள்ளி வாயை அடைக்கிறது. தம்பிமார் சொன்னதில் இந்த அளவுக்கு உண்மை இருந்தது.

ஒன்பது கோலிகள் 'பூனைக்கண்' வகை. தெளிந்த கண்ணாடியின் நடுவே இலை போன்ற வண்ண மடல்கள் நிற்கும். இரண்டாம் உலகப் போருக்குப் பின் ஜப்பானியர் இவற்றைப் பெருமளவில் செய்து உலகெங்கும் அனுப்பினர். 1950களில் அமெரிக்கரும் அவற்றைப் பின்பற்றிச் செய்தனர். இன்று கடையில் நாம் காணும் கோலியும் பெரும்பாலும் இதுவே. ஆகவே இவை பூட்டனார் கொடுத்தவை அல்ல, பின்னாளில் வீட்டுப் பிள்ளைகள் போட்டு வைத்தவை என்று கொண்டோம்.

மூன்று கோலிகளில் ஊதாவும் பச்சையுமான கண்ணாடிக்குள் வெள்ளை புகை போலச் சுழன்றிருந்தது. இதனை 'ஸ்லாக்' என்பர். பல ஆலைகள் செய்த வகை இது. எங்களுடையவற்றில் ஒன்பது எண் சுழி இல்லாமையால், கையால் சுருட்டி எடுத்த காலத்திற்குப் பிற்பட்டவை என்று குறித்துக்கொண்டோம். இரண்டு கோலிகளில் வண்ணப் பட்டைகள் ஒட்டுப் போட்டது போல் இருந்தன. இவ்வகையைப் பல ஆலைகள் செய்ததால் எந்த ஆலை என்று முடிவு கூறவில்லை.

மீதி ஆறு கோலிகளைக் கையில் எடுத்தபோதுதான் எங்கள் நெஞ்சு படபடத்தது. வெள்ளையும் சிவப்பும், வெள்ளையும் நீலமுமாக இரு நிறங்கள், திருகாணியின் மரை போல ஒரு முனையிலிருந்து மறு முனை வரை சுற்றிச் சென்றன. ஒரு நிறம் மற்றொன்றை எங்கும் வெட்டவில்லை. இதற்குக் 'கார்க் ஸ்குரூ' என்று பெயர். உலையிலிருந்து இறங்கும் கண்ணாடி ஒழுக்கை வெட்டுமுன் திருகிவிடுவதால் அவ்வடிவம் அமைகிறது. ஆக்ரோ அகேட் என்னும் நிறுவனத்தின் தலைசிறந்த அடையாளம் இது. ஆக்ரனில் தோன்றிய அந்நிறுவனம் 1914இல் மேற்கு வர்ஜீனியாவின் கிளார்க்ஸ்பர்க் நகருக்குப் பெயர்ந்து, 1951இல் மூடப்பட்டது. அளந்தால் ஏறத்தாழ 16 மில்லிமீட்டர். அதாவது ஓர் அங்குலத்தில் எட்டில் ஐந்து பங்கு. அமெரிக்கக் கோலிகளின் வழக்கமான அளவும் அதுவே. கள்ள நோட்டுப் பார்க்கும் ஊதா விளக்கைப் பக்கத்துக் கடையில் கேட்டு வாங்கிக் காட்டினோம். ஆறில் ஒன்று மெல்லிய பச்சை ஒளி வீசியது! ஆக்ரோ அகேட் இவ்வாறு ஒளிரும் கண்ணாடியிலும் சில கோலிகளைச் செய்ததுண்டு. ஆயினும் ஒளிர்வதெல்லாம் ஆக்ரோ அன்று; திருகுவடிவமும் சேர்ந்ததால்தான் அது சான்றாயிற்று.

விலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆக்ரோ அகேட் கார்க் ஸ்குரூக் கோலிகளை ஏராளமாகச் செய்தது. ஆகவே சாதாரண நிறத்தவை அரும்பொருள் அல்ல. ஒளிரும் கோலிக்கு மதிப்புச் சற்றுக் கூடும். லட்சம் கிடைக்கும் என்று கனவு கண்ட எங்கள் சித்தப்பா வாடிப்போனார். பாலிஷ் போடும் யோசனையையும் நாங்கள் தடுத்தோம். பாலிஷ் போடும்போது ஆலையில் அமைந்த மேற்பரப்பே தேய்ந்து போகிறது. முனைச் சுழியும் வெட்டுக்கோடும் மறைந்து போகலாம். சேகரிப்போர் கீறல் விழுந்த கோலியை மன்னிப்பர். தேய்த்த கோலிக்கு மதிப்பைக் குறைத்துவிடுவர்.

எல்லாம் எழுதி முடித்துப் பாட்டியின் முன் வைத்தோம். "பாட்டி, இந்த ஆறும் 1951க்கு முன்னால் அமெரிக்காவில் செய்தவை. ஆனால் உங்கள் ஐயா அங்கே போனார்கள் என்பதற்கு இது முழுச் சாட்சி ஆகாது. வேறு கப்பல்காரரிடமும் வாங்கியிருக்கலாம்" என்று உள்ளதை உள்ளபடி சொன்னோம். எங்களை விடப் பெரிய நீதிபதி பாட்டி. "சோடாக் கோலி இல்லேல்லா? அது போதும். பெட்டப்பிள்ளைக்குன்னு எங்கேயோ தேடி வாங்கியாந்திருக்காக" என்றார்கள்.

அந்த வார ஞாயிறு பூசைக்குப் பின், பாட்டியின் கடைசித் தம்பி வீட்டுக்கு வந்தார்கள். எண்பது வயது. நீல வரிக் கோலியை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்துவிட்டு, "அக்கா, நாந்தான் தெரியாமப் பேசிட்டேன்" என்றார்கள். ஐயாயிரம் ரூபாய் வரவில்லை. அப்பா வேறு வழியில் கடன் வாங்கிச் சமாளித்தார். கார்க் ஸ்குரூக் கோலிகள் ஆறையும் பேத்திமார் அறுவருக்கும் ஆளுக்கொன்றாகத் தருவதாகப் பாட்டி சொல்லிவிட்டார்கள்.

அன்புத் தோழியரே! உங்கள் வீட்டுப் பரணிலும் பழைய டப்பா ஒன்று இருக்கக்கூடும். கோலியானால், அதை வெந்நீரில் போடாதீர்கள். திடீர்ச் சூட்டில் கண்ணாடி விரிசல் விடும். தேய்க்காதீர்கள். ஒன்றோடொன்று மோதாமல் துணியில் சுற்றி வையுங்கள். முனைகளைப் பாருங்கள், நிறம் ஓடும் வழியைப் பாருங்கள், அளந்து எழுதுங்கள். சான்று சொல்லும் அளவுக்கு மேல் ஒரு சொல்லும் கூட்டாதீர்கள். எல்லாவற்றிற்கும் முன், அப்பொருள் எவ்வாறு வந்தது என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதி வையுங்கள். அந்தச் செய்தியை எந்த உருப்பெருக்குக் கண்ணாடியும் காட்டாது.