பத்தொன்பது பந்துகள்: சில குறிப்புகள்

2018 மார்ச் 18, கொழும்பு பிரேமதாச மைதானம். பங்களாதேஷுக்கு எதிரான சுதந்திரக் கிண்ண இறுதிப் போட்டியின் கடைசிப் பந்தில் இந்தியாவின் தினேஷ் கார்த்திக் அடித்த சிக்ஸர் எல்லாருக்கும் ஞாபகம். 8 பந்துகளில் 29. அதே இரவில் விஜய் சங்கர் 19 பந்துகளில் 17. இரண்டு பேரும் அப்போது தமிழ்நாட்டு அணிக்காரர். ஒருவருக்கு மாலை, மற்றவருக்கு மீம்.

*

மீம் போட்டவர்கள் விட்டுவிட்ட கணக்கு ஒன்று இருக்கிறது. கடைசி ஓவரில் 12 ஓட்டங்கள் தேவை. நாலாவது பந்தில் விஜய் சங்கர் பவுண்டரி அடித்தார். ஐந்தாவதில் பிடி கொடுத்தார். பந்து மேலே நின்ற நேரத்தில் இருவரும் முனை மாறி ஓடிவிட்டதால்தான் கடைசிப் பந்து கார்த்திக்குக் கிடைத்தது. அப்போது தேவை 5. அந்தப் பவுண்டரி இல்லையென்றால் கார்த்திக்கின் சிக்ஸரை இன்றைக்கு ஆர் பேசப்போகினம்?

(மறுமுனையில் வந்து நின்றவரும் தமிழர்தான். வாஷிங்டன் சுந்தர். தொடர் நாயகன் விருது அவருக்கு.)

*

இன்னும் சில. இந்தியாவுக்காக விஜய் சங்கர் மட்டை பிடித்த முதல் நாளே அதுதான். முந்திய ஆட்டங்களில் அவருக்குத் துடுப்பெடுத்தாட வாய்ப்பு வரவில்லை. பத்து நாளைக்கு முன்னர் இதே பங்களாதேஷுக்கு எதிராக இரண்டு விக்கெட் எடுத்து ஆட்டநாயகனானவர். கார்த்திக்கைப் பிறகு இறக்குவோம் என்று அவரை முன்னால் அனுப்பியது தலைவர் ரோஹித் சர்மா. சரியோ பிழையோ, முடிவு தலைவருடையது. திட்டு வாங்கியது போனவர்.

விஜய் சங்கர் தடுமாறியதாக எல்லாரும் பேசிய அந்தப் பதினெட்டாவது ஓவரை வீசியது பங்களாதேஷின் முஸ்தபிசுர் ரஹ்மான். வேகத்தைக் குறைத்து, பந்தைப் பிட்ச்சில் வெட்டி விடுகிற இடக்கைக்காரர். நாலு பந்தில் ஓட்டமேயில்லை. ஓவர் முழுக்க ஒரு லெக் பை, மனீஷ் பாண்டேயின் விக்கெட். உலகத்தில் எத்தனையோ பெரிய துடுப்பாட்டக்காரரை அந்தப் பந்து ஏமாற்றியிருக்கிறது. மறுநாள் விஜய் சங்கரின் ‘சொதப்பலை’ப் பேசிய சனத்தின் வாயில் முஸ்தபிசுரின் பெயர் வந்ததே குறைவு. தோற்றவனைத் திட்டுகிற அவசரத்தில் வென்றவனின் வித்தையைக் கவனிக்கவே நேரமில்லாமல் போகிறது. எனக்கு இதில் பெரிய கோபம் இதுதான்.

*

விஜய் சங்கர் பிறகு சொன்ன ஒன்று மனதில் நிற்கிறது. ‘இணையத்தில் சொல்கிறதைக் கண்டுகொள்ளாதே’ என்று ஆறுதல் செய்திகள் வந்துகொண்டே இருந்தனவாம். அதுவும் உதவவில்லை என்றார். செத்த வீட்டில் இருபதாவது ஆளும் வந்து அதே துக்கத்தைக் கேட்கிற மாதிரி.

*

டாக்கா, 2014 ஏப்ரல் 6, இருபது20 உலகக் கிண்ண இறுதி, இந்தியாவும் இலங்கையும். யுவராஜ் சிங் 21 பந்துகளில் 11. எங்கள் இலங்கையில் பட்டாசு, சண்டிகரில் அவர் வீட்டுக்குக் கல். 2011 உலகக் கிண்ணத்தின் தொடர் நாயகன், புற்றுநோய்க்கு மருந்தேற்றி மீண்டு வந்தவர் என்பதெல்லாம் அன்றைக்குக் கணக்கில் இல்லை. கடைசி நாலு ஓவரில் இந்தியா எடுத்தது 19 ஓட்டங்கள். குலசேகரவும் மாலிங்கவும் ஓஃப் ஸ்டம்புக்கு வெளியே யோர்க்கராக இறக்கிக்கொண்டிருந்தார்கள். கல்லெறிந்தவர்களுக்கு அது தெரியாது. பட்டாசு கொளுத்தியவர்களிலும் பாதிப்பேருக்கு சங்கக்காரவின் ஆட்டமிழக்காத 52தான் ஞாபகம்.

*

யாழ்ப்பாணத்துக் குறிகட்டுவான் படகுத்துறை, 2025 ஏப்ரல் 5, பின்னேரம். 776 பஸ்ஸில் வந்து இறங்கி நயினாதீவுப் படகுக்கு நின்ற பெடியள் ஒரு போனைச் சுற்றி. இரண்டு மஞ்சள் பெனியன். ஐபிஎல். சேப்பாக்கத்தில் டெல்லி கொடுத்த 184ஐ சென்னை துரத்துகிறது. நடுவில் விஜய் சங்கர்.

“உவன் தடவுறான் மச்சான். உவனை ஏன் எடுத்தவங்கள்?”

“அவுட்டாகித் துலையட்டும், தோனி வரட்டும்.”

நாகவிகாரையைக் கும்பிட்டுவிட்டுத் திரும்பிய வெள்ளைச் சட்டை ஐயா ஒருவரும் எட்டிப் பார்த்து, “தோனி கோ?” (தோனி எங்கே?) என்று சிங்களத்தில் கேட்டார். போனில் விக்கெட் விழ, பெடியள் கைதட்டினார்கள். விழுந்தது சென்னை விக்கெட்!

சொந்த அணிக்காரன் ஆட்டமிழந்தால் கைதட்டுகிற பழக்கம் சேப்பாக்கத்தில் தொடங்கி இந்தத் துறை வரைக்கும் வந்துவிட்டது. தான் முன்னால் இறங்கினால் எப்போது ஆட்டமிழப்பேன் என்றுதான் சனம் காத்திருக்கும் என்று சென்னைக்கு ஆடிய ஜடேஜா 2023இல் சிரித்தபடி சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றைக்கு விஜய் சங்கர் 54 பந்துகளில் ஆட்டமிழக்காமல் 69. மெதுவான ஆட்டம்தான், மறுக்கவில்லை. சென்னை 25 ஓட்டங்களால் தோற்றது. தோனி 26 பந்துகளில் 30. அதற்கு மீம் வந்திருந்தாலும் என் கண்ணில் படவில்லை.

*

2023 செப்டம்பர் 17, ஆசியக் கிண்ண இறுதி, இந்தியாவுக்கு எதிராக இலங்கை 50 ஓட்டங்கள். நவம்பர் 2, வான்கடேயில் உலகக் கிண்ண ஆட்டம், மறுபடி இந்தியாவுக்கு எதிராக இலங்கை 55. வீரர்களைத் திட்டித் தீர்த்தார்கள். நாலு நாளில் விளையாட்டு அமைச்சர் கிரிக்கெட் சபையைக் கலைத்தார். நீதிமன்றம் தடை போட்டது. பத்தாம் திகதி ஐசிசி இலங்கையின் உறுப்புரிமையை இடைநிறுத்தியது. கொழும்பில் நடந்த அந்த ஆசியக் கிண்ண இறுதியில் இந்தியாவின் சிராஜ் 21 ஓட்டங்களுக்கு 6 விக்கெட் எடுத்த பந்துவீச்சை இந்த அமளிக்குள் ஆர் பேசினது? வடக்கில் சிலர் அந்த 50க்கும் 55க்கும் சிரித்த சிரிப்பில் கிரிக்கெட் மட்டும் இல்லை. அது வேறு கதை, இங்கே வேண்டாம்.

*

விஜயகாந்த் வியாஸ்காந்த். யாழ் மத்திய கல்லூரிப் பெடியன், லெக் ஸ்பின். 2020இல் ஜஃப்னா ஸ்டாலியன்ஸ் அணியில் ஆடினார். 2024 மே 8 ஹைதராபாத்துக்காக ஐபிஎல் அறிமுகம். நாலு ஓவரில் 27 ஓட்டங்கள், விக்கெட் இல்லை. அன்றைக்கு ஹைதராபாத் 166ஐ 9.4 ஓவரில் விக்கெட் இழக்காமல் எட்டியது. அப்படிப்பட்ட தரையில் 27 என்பது நல்ல கணக்கு. ஆனால் விக்கெட் இல்லையே என்று இங்கே சிலர் முகம் சுளித்தார்கள்.

எங்கள் பத்திரிகைக்காரருக்கு ஒரு வேண்டுகோள். வென்றால் ‘யாழ் மைந்தன்’ என்று எழுதுகிறீர்கள், நல்லது. ஒருநாள் அவர் நாலு ஓவருக்கு ஐம்பது கொடுப்பார். லெக் ஸ்பின்னருக்கு அது வராமல் போகாது. அன்றைக்கும் அந்த இரண்டு சொல்லைத் தலைப்பிலிருந்து எடுக்காதேயுங்கோ. அடித்தவன் எப்படி அடித்தான் என்பதையும் கீழே எழுதுங்கோ.