ஒரு 'ப்ளெதர்' போடலாமா?

மகளின் பிரசவத்திற்காக எடின்பரோவுக்குப் போயிருந்தேன். குழந்தை பிறந்து ஒரு மாதம். வெளியே ஓயாத தூறல். மாப்பிள்ளை ஆபீசுக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் மட்டும்தான். கலகலவென்று இருந்த பெண், ஜன்னலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். "என்னடி கண்ணு?" என்றால், "ஒண்ணுமில்லேம்மா" என்பாள். எனக்கு வயிற்றைக் கலக்கியது.

ஒரு நாள் கீழ் வீட்டு அம்மாள் கதவைத் தட்டினார். எண்பது வயதிருக்கும். "ஒரு ப்ளெதருக்கு வந்தேன்" என்றார். நான் திருதிருவென்று விழிக்க, மகள் சிரித்துவிட்டாள். எத்தனை நாளைக்கப்புறம் அந்தச் சிரிப்பு! "அரட்டை அடிக்க வந்திருக்காங்கம்மா!"

ஆங்கிலத்துக்கு உடன்பிறந்தாள் மாதிரி, 'ஸ்காட்ஸ்' என்றொரு பாஷை அங்கே உண்டு. வீண் பேச்சுக்கு அதில்தான் எத்தனை பெயர்! டீயைக் குடித்தபடி அந்த அம்மாள் அடுக்கினார். உளறினால் 'ஹேவர்'. ஊர் வம்பு 'க்ளாஷ்'. வெட்டிக் கதை 'க்ளிஷ்மக்ளேவர்'. கோள் சொல்கிற பிள்ளை 'க்ளைப்'. "உஷ், வாயை மூடு" என்பதற்கு 'வீஷ்ட்'! இந்தப் பாஷைக்கு ஜான் ஜேமீசன் என்ற பாதிரியார் 1808-லேயே இரண்டு தொகுதிகளில் அகராதி போட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிறன்று குழந்தையோடு கிளாஸ்கோவுக்கு ரயிலேறினோம். 'கிளாஸ்கோ கிரீன்' மைதானத்தில் துணி உலர்த்தும் கம்பங்கள் இன்னும் நிற்கின்றன. அந்த ஊரில் முன்பு 'ஸ்டீமி' என்ற பொதுச் சலவைக்கூடங்கள் இருந்தன. பழைய குழந்தை வண்டியில் அழுக்குத் துணியை அடைத்துத் தள்ளிக்கொண்டு பெண்கள் வருவார்களாம். கை துவைக்கும், வாய் ஊர்க்கதை பேசும். ஊரே பேசும் சேதியை இன்றும் 'ஸ்டீமியின் பேச்சு' என்கிறார்கள். வீட்டுக்கு வீடு வாஷிங் மெஷின் வந்ததும் ஸ்டீமிகள் மூடப்பட்டன. கைக்கு ஓய்வு கிடைத்தது. பேச்சுத் துணை போயிற்று. என் மகளுக்கு இல்லாமல் போனதும் அதுதானே!

வீட்டுக்கு வந்து பார்க்கும் ஹெல்த் விசிட்டரிடமும் மனசு விட்டுச் சொன்னோம். பிள்ளை பெற்றவளின் சோர்வும் அழுகையும் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், "தானாகச் சரியாகும்" என்று விட்டுவிடாதீர்கள், சகோதரிகளே. டாக்டரிடம் காட்டுங்கள். கூடவே, பக்கத்து வீட்டுக் கதவையும் தட்டுங்கள்.

கீழ் வீட்டு அம்மாள் தினமும் வர ஆரம்பித்தார். மகளின் முகமும் மெல்ல மெல்லத் தெளிந்தது. சின்ன வயசில், "வெட்டிப் பேச்சை நிறுத்துடி" என்று அவளை எத்தனை முறை அதட்டியிருப்பேன்! ஊருக்குக் கிளம்பும் நாளில் அவள் ஓயாமல் பேசிக்கொண்டே இருந்தாள்.

நான் 'வீஷ்ட்' சொல்லவே இல்லை.